அத்தா பார்க்காத சித்திரை

நடந்தது இது:

1. இரண்டு வருடங்களுக்கு முன்பு, மதுரைக் கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கும் என் வேலை, அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்தே செய்வதாக மாறியது.
2. சனிக்கிழமை காலைகளில் துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று பின்பக்கத் தோட்டத்தைப் போனில் படமெடுக்கத் தொடங்கினேன். எப்போதும் அதே இடம், அதே உயரம்.
3. பச்சையாக இருந்த படங்கள் துபாயில் வேலை பார்க்கும் அத்தாவுக்குப் போயின; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். காய்ந்தவை என் போனிலேயே தங்கின.
4. இந்தத் தை மாதம், வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடப்போவதாக அத்தா சொன்னார். தோட்டத்தை ஒட்டிச் சும்மா கிடக்கும் எங்கள் மனையில் எலுமிச்சை போடுவாராம்.

மூன்றாவதற்குக் காரணம் அம்மா. உங்க அத்தா அங்கேயும் அனலில்தான் கிடக்கிறார், இங்கே காய்ந்ததையும் எதற்குக் காட்ட வேண்டும் என்பார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு எடுத்த படங்களில் அவரைக்கொடி சுவரை மூடியிருக்கும், மாதுளை சிவந்து நிற்கும். அத்தாவின் அறையில் தங்கியிருக்கும் காரியாபட்டிக்காரர் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே, இது அருப்புக்கோட்டையா, கொடைக்கானலா?" என்று கேட்டாராம். அத்தா அதை வாரக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்.

அவருடைய லீவும் மழைக்காலத்தில்தான் விழும். நான் பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அவர் இங்கே ஒரு சித்திரையைப் பார்த்ததில்லை.

மாசி முடிந்தால் எங்கள் கரிசல், விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிடும். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். ஊற்ற ஊற்ற மண்மேல் வெள்ளையாகப் படியும். வெண்டை பங்குனியைத் தாண்டாது. வேலியோரம் நிற்கும் ஒற்றை எலுமிச்சையின் இலைகள் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். முருங்கை மட்டும் யாரையும் கேட்காமல் நிற்கும்.

அந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கும். மழைக்காலத்தில் எது எந்தச் செடி என்று பிரிக்க முடியாது. கோடையில் ஒவ்வொரு கிளையும் தன் நிழலோடு தனித்தனியாகத் தெரியும். ஆனால் அத்தா எலுமிச்சைக் கன்றுக்கு ஆள் விசாரிக்கத் தொடங்கிய பிறகு, அவை வெறும் படங்களாக இல்லை. தேறிய சோதனைகளை மட்டும் அறிக்கையில் எழுதி அனுப்பினால் என் வேலையில் நான் ஒரு நாள்கூட நீடிக்க முடியாது.

தை முதல் தை வரை, மாதத்துக்கு ஒரு படம் என வரிசையாக அடுக்கி அம்மாவிடம் காட்டினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சித்திரையில் நிறுத்தினார்.

"இதப் பாத்துட்டு அவுக வராமப் போயிட்டா?"

காய்ந்த தோட்டத்தை அம்மா இத்தனை நாளாக எதற்காக மறைத்தார் என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. நான் போனை வாங்கிக்கொண்டு என் மேசைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் துணி காயப்போடும்போது அம்மாவே பேச்சை எடுத்தார்.

"அனுப்பிரு. வந்து பாத்து மூஞ்சி சுண்டுறதுக்கு, அங்கனயே பாத்துக்கிரட்டும்."

"வரலன்னா?"

"வரலன்னா எலுமிச்சைக்காகத்தான் வர இருந்திருக்காக, நமக்காக இல்லன்னு நெனச்சுக்கிறேன். நீ அனுப்பு."

அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. வழக்கமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அழைப்பு வரவில்லை. அம்மா போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காதது போல உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு அத்தா பேசினார். சித்திரையில் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றினோமா என்று கேட்டார். இல்லை என்றேன். மனையில் வெயில் எந்தப் பக்கம் அதிகம் என்று கேட்டார். பிறகு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். அம்மா அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்ப் பேசினார்.

அத்தா இன்னும் வேலையை விடவில்லை. இந்த முறை லீவைச் சித்திரைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார், கிடைத்துவிட்டது. எலுமிச்சைக் கன்று வாங்கவில்லை. மனை சும்மாதான் கிடக்கிறது. லீவு முடிந்து திரும்பிப் போவாரா என்று அம்மா அவரிடம் கேட்கவில்லை.