ஒரு ரிங் அடித்தால் சாப்பிட்டாச்சு

எனக்கு நிச்சயம் ஆனதும் தென்காசிப் பக்கத்தில் பெண் வீட்டார் ஒரு செல்போன் வாங்கினார்கள். சுங்குவார்சத்திரத்தில் வாடகை அறையில் இருந்த நானும், மாப்பிள்ளை ஆயிற்றே என்று, கௌரவத்துக்கு ஒன்று வாங்கினேன். டார்ச் லைட் வைத்த பழைய போன். அன்றைக்குப் பிடித்தது சனி.

அதற்கு முன்னால் எஸ்.டி.டி. பூத்துதான். வாரத்தில் ஒரு நாள் வரிசையில் நின்று, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் நாலு வார்த்தை பேசினால் மனசு நிறைந்துவிடும். செல்போன் வந்த பிறகு பேச்சே இல்லை. பேசினால் பேலன்ஸ் போய்விடுமே! எல்லாம் மிஸ்டு கால்தான். ஒரு ரிங் அடித்து வைத்தால் சாப்பிட்டாச்சு. இரண்டு என்றால் தூங்கப் போகிறேன். மூன்று என்றால் சும்மாதான், ஞாபகம் வந்தது. அங்கிருந்து ஒன்று வந்தால் இங்கிருந்து ஒன்று போயாக வேண்டும். போகவில்லையென்றால் கோபம் என்று அர்த்தம். இந்தச் சட்டத்தை எந்தப் புண்ணியவான் போட்டானோ, கம்பெனியில் எங்கள் அசெம்ப்ளி லைனில் கல்யாணம் நிச்சயமான பையன்கள் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் கிடந்தார்கள்.

எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. பெண் பார்க்கப் போன அன்று கேசரியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். பெரியவர்கள் எல்லாரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அவள் ஒருத்திதான் வாய்விட்டுச் சிரித்தாள். இவளைக் கட்டினால் காலம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது. ஒரு மிஸ்டு காலுக்குப் பதில் போகாமல், மெட்ராஸ் பக்கம் போனவன் மாறிவிட்டான் என்று அவள் நினைத்து, தை மாசக் கல்யாணம் நின்றுபோனால்? அந்தப் பயம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டில் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார். லைனில் சர்க்யூட் போர்டு வந்துகொண்டே இருக்கும், கை பாட்டுக்கு ஸ்க்ரூ போடும், மனசு மட்டும் கேட்டில் நிற்கும். கேன்டீனில் சாம்பார் சாதத்தைப் பிசையும்போது, இப்போது ஒரு ரிங் அடித்திருப்பாளே என்று நினைப்பு வரும். அப்புறம் சோறு எங்கே இறங்கும்? ஷிஃப்ட் முடிந்து போனை வாங்கினால் திரை முழுக்க அவள் நம்பர். பஸ் ஏறியதும் நான் அடிக்க, அவள் அடிக்க, அறைக்கு வந்தும் அது ஓயாது. வீட்டுக்கார அம்மா துணி உலர்த்தியபடியே கேட்டுவிட்டார்.

"இன்னா தம்பி, அந்தப் போனு நச்சுநச்சுனு கத்திகினே கீது! பேசவும் மாட்டேன்ற, அத்த உடவும் மாட்டேன்ற!"

ஒரு நாள் அவசரத்தில் போனை அறையிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டேன். சாயங்காலம் ஓடி வந்து பார்த்தால், வந்த ஒவ்வொரு மிஸ்டு காலுக்கும் பதில் போயிருந்தது! என் அறைக்கூட்டாளி, மதுரைக்காரன், வேறு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன், கொட்டாவி விட்டபடி எழுந்து உட்கார்ந்தான்.

"நான்தான்டா குடுத்தேன். மனுசனத் தூங்க விட்டாத்தானே? திருப்பி அடிச்சாத்தான் வாய மூடுது உன் போனு."

"அடப்பாவி, எத்தன ரிங்குடா அடிச்ச?"

"ஒண்ணு வந்தா ஒண்ணு, ரெண்டு வந்தா ரெண்டு. நீ மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுட்ட மாப்ள, கவலப்படாத."

அவனை அடிக்கக் கையை ஓங்கினேன். ஓங்கின கையோடு சிரித்துவிட்டேன். மறுநாளிலிருந்து போனை அவன் தலைமாட்டிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தேன். அப்பாடா! கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் கிடந்ததே அப்போதுதான் என் கண்ணில் பட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்தால் ஒரகடம் தாண்டுவதற்குள் கண்ணை அசத்திவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன், நிற்கவே இல்லை. நிஜமான கால்! பதறிப்போய் எடுத்தேன்.

"நான் ஒண்ணு கேட்டா நெசம் சொல்லணும்," என்றாள். "வேலைக்குப் போகையில போன கேட்டுலயே வாங்கி வச்சிருவாகளாம்லா? எங்க சித்தி மவன் சொன்னான். அப்ப நடு ஷிஃப்ட்டுல எனக்குப் பதில் ரிங்கு குடுத்தது யாரு?"

செத்தேன் என்று நினைத்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. மதுரைக்காரனின் தூக்கம் கெட்டதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கல்யாணம் அவ்வளவுதான் என்று சுவரில் சாய்ந்துவிட்டேன். திடீரென்று அவள் சிரித்தாள், கேசரிக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"நான் மட்டும் என்ன ஒழுங்கு? பகல் பூரா ஸ்கூல்ல புள்ளைகளோட கெடக்கேன். போனு வீட்டுலல்லா இருக்கு! எனக்குப் பதிலா எந்தங்கச்சிதான் அடிச்சிட்டு இருந்தா."

ஆக, இத்தனை நாளும் மதுரைக்காரன் சாப்பிட்டானா என்று அவள் தங்கச்சியும், தங்கச்சி சாப்பிட்டாளா என்று அவனும் விழுந்து விழுந்து விசாரித்திருக்கிறார்கள்! எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எனக்கு இந்த ரிங்கே பிடிக்காது," என்றாள். "கூட வேல பாக்க டீச்சர்மாருதான், விடாம அடி, இல்லன்னா மாப்பிள்ள மறந்துருவாருன்னு பயமுறுத்திட்டாக."

"எனக்கும் அதே பயம்தான். நீ மறந்துருவியோன்னு."

"மறக்க மாட்டேன். நிறுத்திருவமா? ஞாயித்துக்கெழம மட்டும் பேசுவோம். வாயத் தொறந்து பேசுவோம்."

அதோடு மிஸ்டு கால் நின்றது. மதுரைக்காரன் நிம்மதியாகத் தூங்கினான். அடுத்த ஞாயிறு பஸ் ஸ்டாப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து நானே கூப்பிட்டேன். அவள் ஸ்கூலில் ஒரு பிள்ளை பல்பத்தைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் டீ வந்தது. உறிஞ்சிய சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது.

"என்ன அது?"

"டீ. கொதிக்குது. பேலன்ஸ் வேற போவுதே, குடிச்சிட்டுக் கூப்பிடட்டா?"

"போனா போவுது. வைக்காதீங்க. மெள்ள ஆத்திக் குடிங்க, நான் இருக்கேன்."

ஆற்றிக் குடித்தேன்.