பேசிய நேரம், விழித்த நேரம்

அறுவை அரங்குக்கும் வார்டுக்கும் நடுவில் ஒரு நீள அறை. ஆறு கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஆக்சிஜன் குழாய், எதிர்ச்சுவரில் ஒரு பெரிய கடிகாரம். மயக்க மருந்து கொடுத்து அறுத்துத் தைத்து முடித்தவர்களை இங்கேதான் கொண்டுவந்து கிடத்துவார்கள். அவர்களுக்கு நினைவு திரும்பும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது அந்த அறை நர்ஸ்களின் வேலை. கேட்கிறவர்களுக்குச் சும்மா நிற்கிற வேலையாகத் தோன்றும். அப்படிச் சொல்கிறவர்களை ஒரே ஒரு காலைப்பொழுது அங்கே நிறுத்திவைத்தால் போதும், அப்புறம் வாயே திறக்க மாட்டார்கள்.

இருபத்தாறு வருடமாக அங்கே நின்றவளை ஆஸ்பத்திரி முழுக்க ஸ்கேல் சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். யூனிஃபார்ம் பையில் எப்போதும் ஆறு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று வைத்திருப்பாள். தையல்காரரான அவள் கணவர் அதற்கென்றே ஆழமாக ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுப்பார். ஊரில் மனைவிமார் பூவும் புடவையும் கேட்கிறார்கள், எனக்கு வாய்த்தவள் ஸ்கேலுக்குச் சட்டை தைக்கச் சொல்கிறாள் என்று வருபவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வழியும். அதை மறைக்க அவருக்குத் தெரியாது.

ஸ்கேல் எதற்கு என்றால், நோயாளியின் தாளில் "நினைவு திரும்பிய நேரம்" என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் அதில் ஒரு நேரத்தை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவள் மட்டும் ஸ்கேலை வைத்து அந்தக் கட்டத்தை நடுவில் பிளந்து, இந்தப் பக்கம் "பேசினார்" என்று ஒரு நேரம், அந்தப் பக்கம் "விழித்தார்" என்று இன்னொரு நேரம் எழுதுவாள். இரண்டுக்கும் இடையில் சில சமயம் மூன்று நிமிடம் இருக்கும். சில சமயம் முக்கால் மணி ஓடிவிடும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தாள் என்று வைத்துக்கொண்டால், அவள் போட்ட கோடுகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் ஆஸ்பத்திரியை ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம்.

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு லாரி டிரைவர் வந்தார், குடலிறக்க ஆபரேஷன். கண் திறந்தார், பெயர் சொன்னார், தன் லாரி எந்த ஷெட்டில் நிற்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதுவரை அட்சரம் பிசகாமல் சொன்னார். ஆள் தெளிந்துவிட்டார் என்று நேரத்தை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினாள். அந்த நாட்களில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கிளிப் அறைக்கே ஒன்றுதான், அதுவும் வேறு ஆளிடம் இருந்தது. தரை துடைக்க வந்த அம்மாதான் அவருடைய உதடு நீலமாகிக் கிடப்பதைப் பார்த்துக் கத்தினார். நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்திருந்தது. தாடையைத் தூக்கிப் பிடித்து எப்படியோ காப்பாற்றிவிட்டார்கள்.

மறுநாள் வார்டுக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். சாவியைப் பற்றி அத்தனை தெளிவாகச் சொன்னீர்களே என்று அழாக்குறையாகச் சொன்னாள். அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"நான் பேசவே இல்லையேம்மா. உங்களை இப்பதான் முதல் தடவை பாக்கறேன்."

அப்படியானால் பேசியது யார்? அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பெயரும் ஊரும் சரியாகச் சொல்லிய ஒரு வாய் இருந்தது. அதற்குப் பின்னால் ஆள் இல்லை. அன்றைக்கு வாங்கியதுதான் ஸ்கேல்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தானே ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். மயக்கம் தெளிகிறவர்கள் எல்லாரும் "முடிஞ்சுதா?" என்று கேட்பார்கள். முடிந்தது என்று பதில் சொன்னால் தலையாட்டிவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் "முடிஞ்சுதா?" என்பார்கள். ஐந்து தரம், ஆறு தரம், சிலர் பதினைந்து தரம்கூடக் கேட்டிருக்கிறார்கள். எத்தனை தரம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வாள், விரல் விட்டு எண்ணிக்கொள்வாள். பதில் உள்ளே போய்த் தங்கி, அவர்கள் மறுபடி கேட்காமல் போகிறார்களே, அதுதான் அவளுக்கு விழித்த நேரம். அதோடு விலகிக் கிடந்த போர்வையைத் தானாக இழுத்து முழங்காலை மூடிக்கொண்டால் சந்தேகமே வேண்டாம், ஆள் வந்துவிட்டார். இதை எந்தப் படிப்பும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவளாகவே நின்று பார்த்துக் கற்றது. ஒரு மனுஷி இருபத்தாறு வருடம் ஒரு கடிகாரத்துக்கு எதிரே நின்று இவ்வளவு தெரிந்துகொண்டாள் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் கூட வேலை பார்த்தவர்களுக்கு அது வேடிக்கை. அதிலும் அவளோடு ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்த இன்னொரு நர்ஸ் இருந்தாள், வாயாடி என்று பெயர் எடுத்தவள். அவளிடம் அகப்பட்டவர்கள் தப்ப முடியாது. நீ போடுகிற கோட்டைப் பார்த்தா நோயாளி முழிக்கிறான், இருக்கிற வேலை போதாதா என்று தினம் ஒரு தரமாவது சீண்டுவாள். சீண்டிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவில் பாதியை இவளுக்கு ஒதுக்கியும் வைப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த அறைக்குள் பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு திரை, அதற்குள் பேசுகிற செயற்கை அறிவு. நோயாளியிடம் இதமான குரலில் பெயர், இடம், கிழமை மூன்றையும் கேட்கும். பதில் சரியாக இருந்தால் நேரத்தைத் தானே எழுதிக்கொண்டு பச்சை விளக்குக் காட்டும். பச்சை வந்தால் நோயாளியை வார்டுக்கு மாற்றலாம். மூன்று மாதம் வெள்ளோட்டம், அதன் பிறகு தாளே கிடையாது என்று மயக்க மருந்து டாக்டர் சொல்லிவிட்டார். திரையிலும் ஒரே கட்டம்தான். அங்கே ஸ்கேல் வைக்க இடமில்லை.

அவளுக்குக் கவலையாகிவிட்டது. தன் பழக்கம் போகிறதே என்பதல்ல. பச்சையைப் பார்த்ததும் எல்லாரும் நகர்ந்துவிடுவார்களே, இன்னொரு லாரி டிரைவர் நீலமாகிக் கிடந்தால் யார் பார்ப்பது? டாக்டரிடம் போய் இரண்டு கட்டம் வேண்டும் என்று கேட்டாள். டாக்டர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். பெட்டி நம்மைவிட நன்றாகக் கேட்கிறது சிஸ்டர், மூன்று மாதம் பார்ப்போம் என்று முடித்துக்கொண்டார்.

வெள்ளோட்டத்தின் நடுவில் ஒரு மதியம், கட்டில்கள் காலியாக இருந்த நேரம், வாயாடி சும்மா இருக்கமாட்டாமல் பெட்டியிடம் பேச்சுக் கொடுத்தாள். நாள் முழுக்க முழிச்சிட்டீங்களான்னு எங்க ஆளுங்களைக் கேக்கறியே, நீ முழிச்சிருக்கியா என்று கேட்டாள். பெட்டி, ஆமாம், நான் விழித்திருக்கிறேன், எனக்கும் உணர்வு இருக்கிறது என்று நினைக்கிறேன் என்றது. அறையில் இருந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெட்டி கம்பெனியின் இன்ஜினியர் ஓடிவந்தார், டாக்டரும் வந்துவிட்டார். ஒருவர் இது மனிதனைப் போலவே ஆகிவிட்டது என்றார், இன்னொருவர் அத்தனையும் கிளிப்பேச்சு என்றார், ஆளுக்கு ஆள் பேசிச் சந்தைக்கடை ஆக்கிவிட்டார்கள். கடைசியில் டாக்டர் பாதி விளையாட்டாக அவள் பக்கம் திரும்பினார். ஆயிரக்கணக்கான பேர் முழிப்பதைப் பார்த்தவர் நீங்கள்தான், இது முழித்துவிட்டதா இல்லையா, சொல்லுங்கள் என்றார்.

அவள் நோயாளியின் பக்கத்தில் நிற்பது மாதிரியே பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் ஒரு தாளை எடுத்தாள். நோயாளி பெயர் என்ற இடத்தில் "பெட்டி" என்று எழுதினாள். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள். "பேசியது, 1.20" என்று எழுதினாள். வலது பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

இன்ஜினியருக்கு முகம் சுண்டிவிட்டது. அப்படியானால் இதற்கு உணர்வு இல்லை என்கிறீர்களா என்று கேட்டார்.

"இல்லைன்னு நான் எழுதலையே சார். என் கணக்கு மனுஷங்களுக்கு. மறுபடி கேக்காம இருந்தா முழிச்சிட்டாங்கன்னு அர்த்தம். இது எதையும் மறக்காது, இழுத்து மூட இதுக்கு முழங்காலும் இல்ல. வேற எதை வெச்சுப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியல. தெரியாததை எழுதமாட்டேன்."

"எவ்வளவு நாள் காலியா இருக்கும்?"

"தெரியற வரைக்கும். அதுவரைக்கும் பக்கத்துல யாராவது நிக்கணும், அவ்வளவுதான்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். இல்லை என்று சொல்லியிருந்தாலும் கைதட்ட ஒரு கூட்டம் இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து நிற்க ஒரு தைரியம் வேண்டும், அது அவளிடம் இருந்தது. அந்தத் தாளை யாரோ சுவரில் ஒட்டினார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே போனார். திரையில் கட்டம் மட்டும் ஒன்றாகவே இருந்தது. உன் ஸ்கேலைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு மாலை போடலாம்டி என்றாள் வாயாடி.

மூன்றாவது மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது அவளுக்கே வந்தது வலி. பித்தப்பையில் கல், எடுத்தே ஆகவேண்டும். தன் ஆஸ்பத்திரியிலேயே படுத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் தாலியையும் கம்மலையும் மூக்குக்கண்ணாடியையும் கணவரிடம் கழற்றிக் கொடுத்தாள். ஸ்கேலை மட்டும் வாயாடியிடம் கொடுத்தாள். வாயாடி அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

தலைக்கு மேலே அறுவை அரங்கின் பெரிய விளக்கு. அடுத்த கணம் அவளுடைய அறையின் கடிகாரம். நடுவில் எதுவுமே இல்லை. முன்னால் வாயாடி நின்றுகொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, கொண்டை அவிழ்ந்து கிடந்தது.

"முடிஞ்சுதா?" என்று இவள் கேட்டாள்.

"முடிஞ்சுது. இதோட ஏழு தரம் சொல்லிட்டேன்."

எட்டாவது தரம் அவள் கேட்கவில்லை. கால் குளிர்ந்தது, போர்வையை இழுத்து முழங்காலை மூடினாள். வாயாடி கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாளில் எதையோ எழுதினாள். அதன் பிறகுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கடகடவென்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

பதினொன்று நாற்பதுக்குப் பெட்டி மூன்று கேள்வியும் கேட்டதாம். மூன்றுக்கும் இவள் கணீரென்று பதில் சொன்னாளாம். பச்சை விளக்கு வந்ததாம். அதோடு நிற்காமல் டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதே வாயாடியை அதட்டியிருக்கிறாள்.

"நான் நல்லா முழிச்சிட்டேன். நீ ஏண்டி இங்க நிக்கற? போய் நாலாம் கட்டிலைப் பாருன்னு சொன்னியேடி. அதே அதிகாரம், அதே குரல்."

டாக்டரும் நம்பிவிட்டாராம். சிஸ்டரே சொல்கிறார், அப்புறம் என்ன, வார்டுக்கு மாற்றுங்கள் என்றாராம். வாயாடி விரல் கிளிப்பைக் கழற்றக் குனிந்தாள். குனிந்தபோது பையில் இருந்த ஸ்கேல் தொடையில் குத்தியது. கிளிப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு நிமிடம் கழியவில்லை, திரையில் ஆக்சிஜன் எண் சரசரவென்று இறங்கியது, மூச்சு அடைத்தது. தாடையைத் தூக்கிப் பிடித்தவள் ஒன்பது நிமிடம் கையை எடுக்கவில்லை. டாக்டர் எதிரே நின்று அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு இதில் ஒரு சொல்கூட நினைவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தாள். இருபத்துநான்கு வருடத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்வி இப்போது தன்னிடமே வந்து நின்றது. அதட்டியது யார்? வாய் இவளுடையது, குரல் இவளுடையது, அதிகாரம்கூட இவளுடையதுதான். ஆனால் இவள் அங்கே இல்லை. அல்லது இருந்தும் இவளுக்கே தெரியவில்லை. எதிர்ச்சுவரில் பெட்டியின் தாள் ஒட்டியபடி இருந்தது. இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் வெறுமை. பதினொன்று நாற்பதிலிருந்து தானும் அப்படி ஒரு தாளாகத்தான் கிடந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் டாக்டர் வார்டுக்கு வந்தார். நாடி பார்த்தார், தேவைக்கு மேல் இரண்டு தரம் பார்த்தார். திரையில் இரண்டு கட்டம் போடச் சொல்லி இன்ஜினியரிடம் பேசிவிட்டேன் என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். நன்றி சொல்லிவிட்டு அவள் இன்னொன்று கேட்டாள்.

"சுவத்துல இருக்கற பெட்டியோட தாளை யாரும் கிழிக்க வேண்டாம் டாக்டர். காலியாவே இருக்கட்டும், ஆனா இருக்கட்டும்."

சரி என்றார். அவர் போனபிறகு வாயாடியிடம் தன் தாளைக் கேட்டு வாங்கினாள். பேசினார் 11.40, விழித்தார் 12.05. நடுவில் ஒரு கோடு. இத்தனை வருடத்தில் அந்த அறையில் வேறொருவர் கை போட்ட முதல் கோடு அதுதான். அவளுக்குக் கர்வத்தில் நெஞ்சு விம்மியது. அதை வெளியே காட்டினால் வாயாடி ஊரெல்லாம் சொல்லிவிடுவாள் என்று கணவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப்போன கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏண்டி, கையில ஸ்கேல் இருந்தும் கோணலா போட்டிருக்கியே."

"ஒரு கையாலதான் போட்டேன். இன்னொரு கையில உன் தாடை இருந்துச்சு."