விரும்பிய வண்ணம் ஒரு பரீட்சை

நோர்வேயில் ஒரு கோப்பி வாங்கப் போனாலும், எந்தப் பால், எந்த அளவு, எவ்வளவு சூடு என்று மனிதனைக் களைக்கவைத்த பின்னரே கோப்பையைத் தருவர். அதே தொனியிலேதான் எங்கள் வரலாற்று விரிவுரையாளரான பெண்மணியும் வகுப்பில் கேட்டார்: “உங்களை எப்படி மதிப்பிடலாம்? எழுத்துப் பரீட்சையா, வாய்மொழியா, காணொளியா?” ஓய்வுபெற்ற பின் பல்கலைக்கழகம் புகுந்தவன் நான். பேரப்பிள்ளைகளின் வயதுடைய சக மாணவர்கள் அதற்குக் கைதட்டியபோது நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால், என் ஊரான எழுவைதீவில் என்னை எவரும் அவ்வாறு கேட்டதில்லை. உயர்தரப் பரீட்சை நாளில் சோளகக் காற்றுக்குக் கடல் கொந்தளித்தது. பரீட்சை மண்டபம் இருந்த ஊர்காவற்றுறைக்குப் படகு விடவில்லை. வெள்ளைச் சட்டையுடன் துறையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். மறுமுறை எழுதுமுன் போரில் ஊரே இடம்பெயர்ந்துவிட்டது. எல்லோருடனும் அமர்ந்து ஒரே வினாத்தாளுக்கு ஒருமுறையேனும் விடையெழுத வேண்டும் என்பதே இவ்வயதில் என் ஆசை.

விரிவுரையாளரோ என்னைத் தனியே அழைத்தார். எழுதுவது எனக்குச் சிரமமாம். என் தீவையும் போரையும் இழந்த உறவுகளையும் பற்றிச் சற்றுநேரம் பேசினால் போதுமாம். அதற்கே புள்ளி தருவாராம். ஒருவர் பேசுகையில், கேட்கிறேன் என்பதற்கு நாம் “ஓம், ஓம்” என்போமே, அப்பழக்கத்தில் நான் நோர்வேஜிய மொழியில் “யா, யா” என்றுகொண்டிருந்தேன். இந்நாட்டில் அது சம்மதம். என் பெயருக்கு வாய்மொழி என்றே பதிந்துவிட்டார்.

வீட்டில் மனைவி விழுந்து சிரித்தாள். “கலியாணம் கட்டின நாளிலையிருந்து எனக்கும் ஓம் ஓம் எண்டுதான் சொல்லுறியள். குசினிப் பைப் இன்னும் ஒழுகுது. அவ பாவம், நம்பிப்போட்டா.”

“செத்த சனத்துக்குப் புள்ளி போடப் போறாவாம். உமக்குச் சிரிப்பு வருதோ?”

அவள் முகம் மாறியது. அவளுடைய தமையன் போர்க்காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.

“அண்ணையைப் பற்றி அங்கை ஒரு சொல் வாய் திறக்கக்கூடாது. போய் ஏலாது எண்டு சொல்லுங்கோ.”

விரிவுரையாளரிடம் போய்ச் சொன்னேன். “இது உங்களுக்கு எளிதாயிற்றே” என்று அப்பெண்மணி வியந்தார். அதனாற்றான் வேண்டாம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தெரிவு என்ற அழகிய பெயரில் அவர்கள் என்னிடம் எதிர்பார்த்தது விடையன்று, அழுகை. என் அருவருப்பை விளக்கப் போதிய நோர்வேஜிய மொழி என்னிடம் இல்லை. மனம் புண்பட்டவராய்ப் பதிவை மாற்றித் தந்தார்.

பரீட்சை நாளில் மண்டபம் நிறைய மேசைகள் இருந்தன, மாணவர் எவருமில்லை. ஏனையோர் அனைவரும் காணொளியையோ வாய்மொழியையோ தெரிவுசெய்தார்களாம். மேற்பார்வையாளர் புன்னகைத்து, “விரும்பிய இடத்தில் அமருங்கள்” என்றார். நானோ, ஊர் வழக்கப்படி எங்கேனும் என் பரீட்சைச் சுட்டெண்ணை ஒட்டியிருப்பார்கள் என்று, ஒவ்வொரு மேசையாகக் குனிந்து தேடிக்கொண்டு நடந்தேன்.