எங்க வேணா இறங்கலாம்

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து ஜன்னல் சீட் விஜயா அக்கா. ஒரகடம் போய்ச் சேரும்வரை ரெண்டு பேரும் என் போனில் லக்சம்பர்க் சுற்றுவோம். ஏஜென்ட் யாரும் இல்லாமல் நாங்களாகவே ஒருநாள் போவதாகத் திட்டம்.

“அங்க பஸ், ரயிலு எல்லாமே ஓசிதான்க்கா.”

“நம்ம பஸ்ஸும் ஓசிதான்டி.”

“அங்க எங்க வேணா இறங்கிக்கலாம்.”

அக்கா சிரித்தாள். வியாண்டன் கோட்டைக்கு எங்கே பஸ் மாற வேண்டும் என்பதுகூட அவளுக்கு மனப்பாடம்.

ஒருநாள் காலை, சுங்குவார்சத்திரம் தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்மேல் சாய்ந்தாள். ஜன்னலில் ஒரு ஆஸ்பத்திரி போர்டு தெரிந்தது. “அண்ணே, நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

“நடுவுல நிறுத்துனா என் வேலை பூடும்மா. கம்பெனி கேட்டாண்ட டாக்டர் கீறாரு” என்றார் டிரைவர்.

நான் உட்கார்ந்துவிட்டேன். ஷிஃப்ட்டுக்கு லேட்டாகுமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பஸ் நிறைய ஆட்கள், ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கேட் வந்தபோது அக்காவின் கை சில்லிட்டிருந்தது.

பார்க்காத நாட்டில் எங்கெங்கே இறங்கலாம் என்று கடகடவென்று சொல்வேன். தினமும் போகிற ரோட்டில் இறங்கத் தெரியவில்லை.

இப்போது ஜன்னலோரம் நான்தான். அந்த போர்டு வரும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார். பஸ் நிற்பதில்லை.