டிரெய்லர் கதவில் விழுந்த ஓட்டை

நான் இயற்பியல் வாத்தியார். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன். விடுதிப் பிள்ளைகள் ஒருமுறை, மேல்மாடியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது என்று கூட்டமாக வந்து நின்றார்கள். தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்தால் அது எப்படித் தட்டும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டி, போய்ப் படிங்கடா என்று அனுப்பிவைத்தேன். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் குழாயைத்தான் தேடுவேன்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவி கோமதியும் சேலையூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஜீப்புக்குப் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அதிலேயே வாழ்வது என்று தீர்மானித்திருந்தோம். யோசனை அவளுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றது போதும் என்பாள். வண்டலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த வண்டி. இரண்டு பேர் படுக்க ஒரு கட்டில், சின்ன அடுப்பு, தலைக்கு மேல் அலமாரி, ஒற்றைக் கதவு. அது எங்கள் வாசலில் வந்து நின்றபோது தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர், "கேரவனா சார்? உள்ள எந்த ஹீரோ?" என்று கேட்டார். "ஹீரோயின் உள்ளதான் இருக்கேன். ஹீரோவுக்கு முட்டி வலி, மெதுவா வருவார்," என்று கோமதி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

காதில் மெஷின் இருந்தால் அவள் இப்படித்தான், பேச்சுக்குப் பேச்சு. அதைக் கழற்றிவிட்டால் பக்கத்தில் நின்று குக்கர் விசில் அடித்தாலும் அவளுக்குத் தெரியாது.

எல்லாம் கெட்டது துப்பாக்கியில். என் அப்பா கடலைக்காட்டுக்கு வரும் பன்றிகளுக்காக வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று, அவருக்குப் பிறகு என் பெயருக்கு மாற்றப்பட்டு, லைசென்ஸோடு எங்கள் வீட்டு பீரோவின் பின்னால் இருந்தது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பேன், முடிந்ததும் வாங்கி வருவேன். மற்றபடி அதை நான் தொட்டது ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்கத்தான். ஆனால் ஊர் பெயர் தெரியாத இடங்களில் தூங்கப் போகிறோம் என்றானதும் எனக்குள் ஏதோ புகுந்துகொண்டது. பேய் என்று சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். எதை எடுத்துப் போவது என்று மாதக்கணக்கில் யோசித்தேன். அப்பாவின் துப்பாக்கி ஒன்று, கைக்கு அடக்கமாக ஒரு ரிவால்வர், குரங்குக்கும் நாய்க்கும் மிரட்டலாக ஒரு ஏர் கன். குழலின் நீளம், எடை, கட்டிலுக்கு அடியில் இடம் போதுமா என்றெல்லாம் அளந்தேன். அண்ணா சாலைப் பக்கம் ஆயுதக் கடை ஒன்றுக்குப் போய் அந்த மனிதரின் உயிரை எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், வண்டிய அப்டியே இந்தியா பார்டருக்கு ஓட்டினு போயிடு, நிரந்தரமா வேல குடுப்பானுங்க," என்றார்.

கோமதி முதலில் இதைச் சிரித்தே தள்ளினாள். "நான் எந்தப் புடவையை எடுத்துக்கறதுன்னுகூட இவ்வளவு யோசிச்சதில்ல," என்றாள். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சிரிக்காமல் சொன்னாள்.

"இங்க பாருங்க. அது வண்டியில ஏறினா நான் ஏறல."

"ஆபத்துன்னு வந்தா?"

"இருக்கறதுலயே பெரிய ஆபத்து, பயந்தவங்க கையில துப்பாக்கி இருக்கறதுதான். நீங்க ராத்திரி பல்லி கத்தினாலே எழுந்து உக்கார்றவர்."

எனக்கு அவமானமாக இருந்தது. சரி, ரிவால்வரும் வேண்டாம், அப்பாவின் துப்பாக்கியையும் கடையிலேயே பாதுகாப்பில் விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். மறுநாள் அதை உறையில் போட்டு ஜீப்பில் எடுத்துக்கொண்டு கிளம்பவும் செய்தேன். பல்லாவரம்வரை போய்த் திரும்பிவந்து, டிரெய்லர் கட்டிலின் அடியில், மெத்தைப் பலகைக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். கடையில் விட்டாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றேன். இதை நான் எந்தச் சமாதானமும் சொல்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அவளுக்குச் சந்தேகம் இருந்தது. என் தலைமேல் கை வைத்துச் சொல்லுங்கள் என்றாள். என் வார்த்தைக்கு மதிப்பில்லையா என்று கத்தினேன். பொய் சொன்னவனுக்குத்தான் குரல் உயரும். வண்டியைச் சோதித்துப் பார்க்க வேண்டும், நீ வரவேண்டாம், நான் மட்டும் போய்த் தங்கிப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். போனது ஒன்றும் தூரமில்லை. மாடம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் என் பழைய சக ஆசிரியர் ஒருவருக்குக் காலி மனை இருந்தது; கோமதியும் பார்த்த மனைதான். மனை போட்டு விற்று, இன்னும் யாரும் வீடு கட்டாத இடம். கல் நட்ட வரிசைகளும் முள்செடியும் மட்டும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, கோபத்தில் போனையும் அணைத்துவிட்டேன்.

நம்புங்கள், தனிமை என்றால் என்னவென்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. இரண்டு பேருக்கென்று அளந்து செய்த வண்டியில் ஒருவன் இருந்தால் எல்லாமே மிச்சமாக இருக்கிறது. இன்னொரு தலையணை, இன்னொரு டம்ளர். பேச ஆளில்லை. அந்த மனைப்பிரிவுக்குக் காவலாக இருந்தவர் மட்டும் மாலையில் சைக்கிளில் வந்து பீடி பிடித்துவிட்டுப் போவார். "இன்னா சார், வூடு இல்லயா உனக்கு?" என்று முதல்நாளே கேட்டார். பிறகு, "பேட்டரி எல்லாம் வெளில கீது. கழட்டினு பூடுவானுங்க. உஷாரா இரு," என்றார். அவர் போனதும் பலகையைத் தூக்கித் துப்பாக்கியை வெளியே எடுத்தேன். இரண்டு குழலிலும் தோட்டா போட்டுக் கட்டிலோரம் சாய்த்துவைத்தேன்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. விளக்கு வைக்கிற நேரம். மேகத்தில் அதற்கும் முன்னதாகவே இருட்டிவிட்டது. வண்டியின் பின்பக்கத் தகட்டில் ஒரு கை பட்டது. கிளை உரசினால் அப்படி இருக்காது, உள்ளங்கையால் தடவிக்கொண்டே யாரோ நடப்பது போல. பின்பக்கம் முடிந்து, ஜன்னல் பக்கம், பிறகு முன்பக்கம். வண்டியை முழுக்கச் சுற்றிக்கொண்டு வந்தது. "யாரு?" என்றேன். பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன், கெட்ட வார்த்தையோடு கேட்டேன். அந்தக் கை நிற்கவில்லை. கதவுக்கு வந்து நின்றது. துப்பாக்கியைத் தூக்கிக் கதவுக்கு நேராகப் பிடித்தேன். விலகிப்போ, சுட்டுவிடுவேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கதவின் கைப்பிடி மெதுவாகத் திரும்பியது.

இங்கேதான் நீங்கள் என்னை நம்பாமல் போவீர்கள். விசையில் விரலை வைத்து அழுத்தத் தொடங்கிய அந்த நேரத்தில், எனக்குப் பின்னாலிருந்து, கட்டில் பக்கமிருந்து, கோமதியின் குரல் கேட்டது.

"ஏங்க, நான்தான்."

சத்தமாக இல்லை. தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது சொல்வாளே, அந்தக் குரலில். காதோரம் மூச்சுப் பட்டது என்றுகூடச் சொல்வேன். நான் அப்படியே திரும்பினேன். நீளக் குழல் தலைக்கு மேலிருந்த அலமாரியில் இடித்து, கதவுப் பக்கமே நின்றுவிட்டது. துப்பாக்கி வெடித்துவிட்டது.

கட்டிலில் யாரும் இல்லை. தலையணைகள் இரண்டும் வைத்தபடி இருந்தன. காது அடைத்து, வண்டி முழுக்கப் புகை. கதவின் மேல்பாதியில், ஓர் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில், முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியாக மழை தெரிந்தது.

கதவைத் திறந்தேன். கதவுக்கு நேராக யாரும் இல்லை. பக்கவாட்டில், சக்கரத்தை ஒட்டி, சேற்றில் கோமதி நின்றிருந்தாள். முழுக்க நனைந்திருந்தாள். ஒரு கையில் டிபன் கேரியர். மழையில் கெட்டுவிடும் என்று காது மெஷினைக் கழற்றிப் பைக்குள் போட்டிருந்தாள். அதனால்தான் நான் கத்தியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. போன் செய்து பார்த்திருக்கிறாள், கிடைக்கவில்லை. கேம்ப் ரோட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். சேற்றில் வண்டி போகாது என்று ஆட்டோக்காரர் ரோட்டிலேயே இறக்கிவிட்டிருக்கிறார். இருட்டில் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடவிக்கொண்டே வந்திருக்கிறாள்.

அவள் ஓட்டையைப் பார்த்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, மெஷினை மாட்டிக்கொண்டு, தட்டு எடுத்து வைத்தாள். மிளகு ரசம், உருளைக்கிழங்கு வறுவல். "ஆறிப்போச்சு. சூடு பண்ணட்டுமா?" என்றாள். என்னால் சாப்பிட முடியவில்லை. நான் அழுதேன். அவள் அழவில்லை. உன் குரல் உள்ளே கேட்டது, அதனால்தான் திரும்பினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் என்னையே ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் அவள் கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் வீட்டுக்குப் போனாள். துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து, நடந்ததைச் சொல்லி, லைசென்ஸும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அதை அவளுக்குப் போனில் சொன்னேன். நல்லது என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். கடைசியில் ஒருநாள், பொய் சொன்னதற்கு எத்தனை முறை மன்னிப்புக் கேட்பது என்று உடைந்துபோய்க் கேட்டேன்.

"பொய் சொன்னதுக்கு நான் எப்பவோ மன்னிச்சாச்சு," என்றாள். "அன்னைக்கு உங்ககூட வரேன்னு சொல்லத்தான் கிளம்பி வந்தேன். துப்பாக்கி உள்ள இருக்கும்னு தெரிஞ்சேதான் வந்தேன்."

"அப்புறம் என்ன கோமு?"



"கைப்பிடியைத் திருப்பினேன். நீங்க உள்ளேருந்து கூப்பிட்டீங்க. 'கோமு, தள்ளி நில்லு'ன்னு. சரின்னு தள்ளி நின்னேன். உடனே சுட்டீங்க."

நான் கூப்பிடவில்லை என்றேன். வெளியே அவள் இருப்பதே எனக்குத் தெரியாது என்றேன்.

"கோமுன்னு என்னை வேற யாருங்க கூப்பிடுவா?"

"மெஷின் பையில இருந்துச்சேம்மா. உனக்கு எப்படிக் கேட்டிருக்கும்?"

"அது எனக்குத் தெரியல. மழைச் சத்தம்கூடக் கேட்கல எனக்கு. ஆனா அது கேட்டுச்சு, பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி. உங்க குரல் எனக்குத் தெரியாதா?" பிறகு மெதுவாகச் சொன்னாள். "வெளியில நான்தான்னு தெரிஞ்சிருக்கு உங்களுக்கு. தெரிஞ்சும் விரல் அழுத்தியிருக்கு. கோவத்துல ஒரு நிமிஷம் அப்படித் தோணியிருக்கலாம், நான் உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் அந்தக் கட்டில்ல உங்க பக்கத்துல எப்படிக் கண்ணை மூடிப் படுக்கறது, சொல்லுங்க?"

வேறு ஏதோ நம் இருவரையும் காப்பாற்றியது என்று சொன்னேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது எனக்கே புதிது. "இதெல்லாம் கிடையாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கதானே," என்றாள். ஏளனமாகச் சொல்லவில்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். ஒரு பேயை அவள் நம்பினால் போதும், வீட்டுக்கு வந்துவிடுவாள். நம்ப மாட்டாள். அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

வீட்டில் இப்போது வாடகைக்குக் குடும்பம் இருக்கிறது. முன்பே பேசி முன்பணம் வாங்கிவிட்டதால் மறுக்க முடியவில்லை. டிரெய்லரை அதே மனையில் நிறுத்தி அதில்தான் இருக்கிறேன். கதவை இன்னும் மாற்றவில்லை. ஓட்டையில் ஒரு தகரம் வைத்து அடித்திருக்கிறேன்.

நான் அவளைக் கூப்பிடவில்லை. இதை எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன். சென்ற மாதம் ஒரு சாயங்காலம், என் குரல் வெளியில் நிற்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். காவல்காரரை வெளியே நிறுத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டு, அன்று நின்ற இடத்தில் நின்று, அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தேன். "கோமு, தள்ளி நில்லு." அவர், "நல்லாவே கேக்குது சார். யாரு கோமு?" என்றார்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். முதல்முறையாகச் சொல்கிற வார்த்தை போல அது இல்லை. அதே இடத்தில், அதே மூச்சில் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருந்ததைப் போல, என் வாய்க்கு அது பழகியிருந்தது.