கஸ்தூரிதான் அந்த ஆட்டோமேட்டிக்

சாயங்காலம் நாலு இருபதுக்குத் தகவல் வந்துச்சு. எக்ஸ்சேஞ்ச் போர்டுல திண்டிவனத்து லைன் விளக்கு எரிஞ்சுது, நான்தான் கார்டு வயரை எடுத்துச் சொருகினேன். அந்தப் பக்கம் திண்டிவனம் ஆபரேட்டர் மேரி. படபடன்னு பேசற பொண்ணு அது. அன்னைக்கு இழுத்து இழுத்துப் பேசிச்சு. "அண்ணே, பாண்டிலேர்ந்து உங்க மச்சான் கூப்பிடறாரு. நான் லைன்லயே இருக்கேன், வச்சுடாதீங்க"ன்னுச்சு. கஸ்தூரியோட தம்பி வந்து, "மாமா, அக்கா போயிட்டா"ன்னான். மேரி அழுவற சத்தந்தான் கேட்டுகிட்டே இருந்துச்சு.

என் பொண்டாட்டி ஆஸ்பத்திரில சாகும்போது நான் ஏன் பக்கத்துல இல்லன்னு நெறைய பேர் கேட்டுட்டீங்க. அவ எடத்துல போர்டு முன்னாடி நான் உக்காந்திருந்தேன். நான் எழுந்து போயிருந்தா செஞ்சில ஒரு போன்கூட வேலை செஞ்சிருக்காது. ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் இருக்கிற ஊர்ல எதுக்கு ஒரு ஆள் உக்காரணும்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. உங்களுக்குத் தெரியும். செஞ்சில போன் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரியாதது எங்க இலாகாவுக்கு மட்டுந்தான்.

நான் டிப்ளமா முடிச்சு, அந்த மிஷினை மாட்டறதுக்காக இந்த ஊருக்கு வந்தவன். அப்ப இங்க பழைய கை போர்டுதான். அதுல கஸ்தூரி ஆபரேட்டர். மொத நாள் பெட்டிங்களை எறக்கிகிட்டு நிக்கறேன், ஹெட்போனைக் கழட்டாமயே திரும்பிப் பாத்து, "என் வேலையைத் தின்ன வந்திருக்கிற ஆளு நீங்கதானா?"ன்னா. "மிஷின் தாங்க தின்னுது, நான் மாட்டறேன், அவ்ளோதான்"னேன். "மாட்டுங்க, மாட்டுங்க. அது ஓடும்போது பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு யாருக்கோ லைன் போட ஆரம்பிச்சுட்டா.

ஓடலை. ஏன் ஓடலைன்னு இப்பவாவது சொல்லிடறேன். அந்த மிஷின் முழுக்கச் சின்னச் சின்ன பித்தளைக் கையிங்க. நீங்க டயலைச் சுத்தினா அதுங்க ஏறி, திரும்பி, சரியான எடத்துல போய்த் தொடணும். நடுவுல தூசி ஒக்காந்தா தொடாது. எங்க ரூமுக்கு வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளிய திருவண்ணாமலை ரோடு. மல்லாட்டை மூட்டை ஏத்தின லாரிங்க போனா ஒரு கூடை மண்ணு உள்ள வரும். ஜன்னலை அடைச்சுக் கட்டலாம்னு கட்டடம் எழும்பும்போதே கேட்டேன். டிராயிங்ல வடக்கே ஜன்னல் இருக்குதுன்னாங்க. அந்த டிராயிங் வேற ஏதோ குளிர்ச்சியான ஊருக்குப் போட்டது, ஊர் பேரை மட்டும் அடிச்சுட்டு செஞ்சின்னு எழுதியிருந்தாங்க. சரி, ஜன்னலைச் சாத்தி வச்சுக்கறேன், ஒரு ஃபேன் குடுங்கன்னேன். ஃபேன் வேற செக்ஷன். அந்த செக்ஷன்ல கேட்டா, ஜன்னல் இருக்கிற ரூமுக்கு ஃபேன் கெடையாதுன்னாங்க.

பேட்டரியும் வரலை. ஆனா திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. விருந்தாளி மேடையில உக்காந்து மொதல் நம்பரைச் சுத்தணும், பஜார்ல மளிகைக்கடை கோவிந்தண்ணன் எடுக்கணும். விழாவுக்கு மொத நாள் எங்க பெரிய ஆபீசர் வந்தாரு. மிஷின் செத்துக் கெடக்குது. அவர் மிஷினைப் பாக்கவே இல்ல. கை போர்டைப் பாத்தாரு, கஸ்தூரியைப் பாத்தாரு, "ஒரு கர்ட்டன் கெடைக்குமா?"ன்னு கேட்டாரு.

"எதுக்கு சார்?"ன்னு அவ கேட்டா.

"நாளைக்கு ஒரு நாளைக்கும்மா. அவங்க சுத்துவாங்க, நீ உள்ளேர்ந்து லைன் போடு. பேசாத. ஆட்டோமேட்டிக் பேசாது."

"ஓடலைன்னு சொல்லிட்டா இன்னா சார்? தேதியைத் தள்ளி வச்சுக்கலாமே."

"தேதி குடுத்தாச்சும்மா."

நீலத் துணி மாட்டினோம். விருந்தாளி சுத்தினாரு. டயல் திரும்பி வரும்போது டக் டக்னு சத்தம் வருமில்ல, அதை ஹெட்போன்ல எண்ணி கஸ்தூரி கோவிந்தண்ணன் கடைக்குப் போட்டா. அவரு எடுத்து "வணக்கம்"ன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. அன்னையிலேர்ந்து அந்த மிஷின் ஓடுது. எங்க இலாகால திறந்தாச்சுன்னா ஓடுதுன்னு அர்த்தம். திறந்ததை ஓடலைன்னு சொன்னா, திறந்தவங்க, தேதி குறிச்சவங்க, மாலை வாங்கினவங்க வரைக்கும் எல்லாரும் பதில் சொல்லணும். அந்த ஒரு நாள் துணி அப்புறம் கழட்டவே இல்ல.

பேசாம இருக்கணும்னு சொன்னதுதான் அவளுக்குப் பெரிய தண்டனை. உங்களுக்கெல்லாம் அவ வாயைப் பத்தித் தெரியும். ரொம்ப நேரம் பேசறவங்களை, "போதும்ணே, ஆஸ்பத்திரிக்காரங்க லைனுக்குக் காத்துகிட்டிருக்காங்க"ன்னு நடுவுல பூந்து வெட்டி விட்டவ அவ. துணிக்குப் பின்னாடி உக்காந்து கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுகிட்டா. ஒரு நாள் கோவிந்தண்ணன் மண்டிக்குப் போடறதா நெனச்சு போலீஸ் ஸ்டேஷன் நம்பரைச் சுத்திட்டாரு. இவளுக்குத் தாங்கல. "அண்ணே, அது ஸ்டேஷன். மண்டிதானே வேணும், இருங்க"ன்னுட்டா.

கோவிந்தண்ணன் போனைக் கீழ வச்சுட்டு, கடையைப் பையன் கிட்ட விட்டுட்டு, நேரா எக்ஸ்சேஞ்சுக்கு வந்துட்டாரு. "தம்பி, உன் ஆட்டோமேட்டிக் என்னைத் திட்டுது!"

துணியை வெலக்கிப் பாத்தாரு. கஸ்தூரி சிரிப்பை அடக்க முடியாம முந்தானையை வாயில வச்சுகிட்டிருந்தா. "அட நீயா! அதானே பாத்தேன், மிஷினுக்கு இவ்ளோ வாயான்னு." அன்னைக்கே பஜார் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. நீங்க யாரும் வெளிய சொல்லல. சொன்னா அவ வேலை போயிடும்னு நெனச்சீங்க. அந்த நல்ல மனசுக்கு நன்றி. ஆனா வேலை முன்னாடியே போயிருந்துச்சு.

ஆட்டோமேட்டிக் வந்த ஊர்ல ஆபரேட்டர் எதுக்குன்னு அவ போஸ்ட்டை எடுத்துட்டாங்க. ஆள் இல்லாம ஓடாதேன்னு கேட்டதுக்கு, தண்ணி புடிச்சு வைக்கிற ஆள்னு ஒரு தினக்கூலி கணக்குல அவளைச் சேத்தாரு ஆபீசர். காலைல வந்ததும் பானையைத் தட்டிப் பாத்து, "என் வேலை முடிஞ்சுது, இனிமே இலாகா வேலையைப் பாப்போம்"னு ஹெட்போனை மாட்டுவா. எங்க கல்யாணம் ஆனது அந்த சமயத்துலதான். மண்டகப்பட்டுல அவங்க வீட்ல, மாப்பிள்ளை இன்ஜினீயர், பொண்ணு தண்ணி எடுக்கறவளான்னு ஒரு சித்தப்பா கேட்டாரு. "ஆமா சித்தப்பா, ஊரே குடிக்கிற தண்ணி"ன்னு இவ சொன்னா.

நான் மேல எழுதாம இல்ல. வேலை செய்யலைன்னு எழுதினேன். எழுத்தோட தொனி சரியில்லன்னு திரும்பி வந்துச்சு. 'வேலை செய்யவில்லை'ன்னு எழுதக் கூடாதாம், 'முழுப் பயனை எட்டி வருகிறது'ன்னு எழுதணுமாம். அதை வீட்ல படிச்சுக் காட்டினேன். கஸ்தூரி அடுப்புகிட்ட இருந்தா. "இன்னாங்க இது? சோறு வேகலைன்னா, வெந்துகிட்டே வருதுன்னு சொல்லி எலையில கொட்டிடுவாங்களா? ஆகலைன்னா ஆகலைன்னு சொல்றதுக்கு வாயில இன்னா கொழக்கட்டையா?"ன்னா. நான் மறுபடியும் வேலை செய்யலைன்னே எழுதினேன். எனக்கும் மெட்ராசுக்கும் நடுவுல இருக்கிற மேஜைங்கள்ல அது எங்கயோ 'திருப்திகரம்' ஆயிடுச்சு. ஒருத்தரும் பொய் சொல்லல. ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சம் மெதுவாச் சொன்னாங்க.

பேட்டரி ஒரு வழியா வந்துச்சு. மிஷினுக்கு உயிர் வந்துச்சு. லாரி ஒண்ணு போச்சு. மறுபடி செத்துச்சு. நான் தொடச்சுகிட்டே இருந்தேன், அவ லைன் போட்டுகிட்டே இருந்தா.

சின்ன வயசுல வந்த ஒரு ஜொரத்துல அவளுக்கு இருதயம் பழுது. அது தெரிஞ்சுதான் கட்டிகிட்டேன். போன வருஷத்துலேர்ந்து மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கிச்சு. டாக்டர், ஒரு ஆறு மாசம் படுக்கையில இருக்கணும், கண்டிப்பா உக்காந்து வேலை செய்யக் கூடாதுன்னாரு. லீவு கேட்டோம், மாத்து ஆள் கேட்டோம். பதில் வந்துச்சு: செஞ்சில அப்படி ஒரு பணியிடம் இல்லாததால் விடுப்பு என்ற கேள்வி எழவில்லை.

அதைக் கேட்டு அவ சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. "நீ போகாத. போர்டு செத்தா சாகட்டும், அப்பவாவது மேல தெரியும்"னேன்.

"தெரியாது. நீங்க நெனக்கற மாதிரி இல்ல அவங்க. ஊர்ல போன் செத்துதுன்னா ஊர்க்காரங்களுக்குச் சுத்தத் தெரியலைன்னு எழுதுவாங்க. நடுவுல ஒரு பிரசவக் கேஸுக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து வண்டிக்குக் கூப்பிட்டா யாருங்க லைன் போடறது?"

"நான் போடறேன்."

"நீங்க போட்டா கார்டுங்கள்லாம் பின்னிக்கும். பாத்திருக்கேன்."

பாதி நாள் நானும் பாதி நாள் அவளுமா உக்காந்தோம். அப்புறம் ஒரு நாள் போர்டு முன்னாடியே சாஞ்சுட்டா. தம்பி வந்து பாண்டிக்குக் கூட்டிகிட்டுப் போனான். நான் பெரிய ஆபீசரைக் கூப்பிட்டு ஆள் அனுப்புங்கன்னேன். "ஆட்டோமேட்டிக்குக்கு எப்படிப்பா ஆள் அனுப்பறது? அடுத்த வாரம் பாக்கறேன்"னாரு. அதனாலதான் நான் போர்டுல இருந்தேன். அதனாலதான் பக்கத்துல இல்ல.

தகவல் வந்ததுக்கு அப்புறமும் நான் எழுந்திரிக்கல. விளக்கு எரிஞ்சா கார்டைச் சொருகினேன். யாரு கூப்பிட்டாங்க, யாருக்குப் போட்டேன்னு இப்ப ஞாபகம் இல்ல. கோவிந்தண்ணன் சுத்தினது மட்டும் ஞாபகம் இருக்குது. அவர் சுத்தி முடிக்கறதுக்குள்ள, "அண்ணே, கஸ்தூரி போயிட்டா"ன்னேன்.

அவரு ஓடி வந்தாரு. வேட்டி மேல துவரம் பருப்புத் தூசி. என் தலையிலேர்ந்து ஹெட்போனைக் கழட்டித் தன் தலையில மாட்டிகிட்டாரு, காதுக்குப் பத்தல. "எழுந்திரு. பஸ் நிக்குது. போ தம்பி."

"உங்களுக்குத் தெரியாதுண்ணே."

"தெரியலைன்னா தப்பா போகுது. போடா!"

அன்னைக்கு செஞ்சில யாரு யாருக்குப் போட்டாலும் வேற யாருக்கோ போச்சு. மண்டிக்குப் போட்டவங்களுக்கு ஜவுளிக்கடை, ஜவுளிக்கடைக்குப் போட்டவங்களுக்கு ஸ்டேஷன். ஒவ்வொருத்தர்கிட்டயும் கோவிந்தண்ணன், "கஸ்தூரி போயிட்டாம்மா, தப்பா வந்தா கோச்சுக்காதீங்க"ன்னு சொல்லிகிட்டே இருந்தாராம். ஆஸ்பத்திரி லைனை மட்டும் ஒரு கையில புடிச்சுகிட்டே உக்காந்திருந்தாராம். பொழுது சாயறதுக்குள்ள பஜார்ல கடைங்க எல்லாம் சாத்திட்டீங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன்.

காரியம் முடியறதுக்குள்ள எனக்கு ஒரு மெமோ. செஞ்சி ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்சில் ஒரு நாள் மாலை முழுவதும் தவறான இணைப்புகள் ஏற்பட்டுள்ளன, விளக்கம் தரவும். திறந்த நாள்லேர்ந்து அந்த மிஷின் மேல எங்க இலாகா ஒத்துகிட்ட மொதல் கோளாறு அதுதான்.

பெரிய ஆபீசர் போன்லயும் வந்தாரு. வருத்தம் சொன்னாரு, அதை மறைக்க மாட்டேன். அப்புறம் சொன்னாரு, பக்கத்து அனந்தபுரத்துக்கும் இதே மிஷின் சாங்ஷன் ஆயிடுச்சாம், செஞ்சில நல்லா ஓடுதுன்றதாலதான் குடுத்தாங்களாம். இங்க ஓடுதுன்னு என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கியாம்.

"ஜன்னல் எந்தப் பக்கம் சார்?"ன்னு கேட்டேன்.

"அதே டிராயிங்தான்பா."

"செஞ்சில ஓடல சார்."

"இப்ப போய் அப்படிச் சொல்லாத. உன் சம்சாரம் எடத்துக்கு யாராவது ஒரு பொண்ணைப் புடிச்சு உக்கார வை, நான் தண்ணி கணக்குலயே போட்டுக்கறேன். மனசு சரியில்லாத நேரத்துல எதையும் எழுதாத, என்ன?"

எழுதிட்டேன். அதே ரெண்டு வார்த்தை, 'வேலை செய்யவில்லை', இந்த தடவை நடுவுல ஒரு மேஜையும் இல்லாம நேரா மெட்ராசுக்கு. அதோட நகலைத்தான் எக்ஸ்சேஞ்ச் கதவுல ஒட்டியிருக்கேன், பஜாருக்கு வர்றவங்க படிச்சுக்கலாம். ஆஸ்பத்திரி லைனையும் ஸ்டேஷன் லைனையும் திண்டிவனத்துக்கு நேராக் கம்பி இழுத்து விட்டுட்டேன். மேரி ராத்திரி பகல் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்குது. நீலத் துணியைக் கழட்டிட்டேன். மத்த போனுங்க செத்துதான் கெடக்கும். ஓடாதது ஓடாததாவே கொஞ்ச நாள் எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும். இதுக்காக என்னை இன்னா பண்ணுவாங்கன்னு தெரியும். பண்ணட்டும். அனந்தபுரத்துல இன்னொரு பொண்ணைத் துணிக்குப் பின்னாடி உக்கார வைக்க என் கையெழுத்து போகாது.

இலாகா பத்திரிகையில இரங்கல் போட முடியாதாம், அவ ஊழியர் இல்லையாம். அதனாலதான் இதை உங்களுக்கு எழுதினேன். எல்லாரும் அவ சிரிச்ச மொகத்தைச் சொல்றீங்க. எனக்கு அது இன்னும் வரமாட்டேங்குது. அழுகையும் வரமாட்டேங்குது. அவகிட்டேர்ந்து இப்போதைக்கு என்கிட்ட தங்கியிருக்கிறது அவளோட பொறுமையில்லாத கோவம் ஒண்ணுதான். எதிர்ல இருக்கிற ஆள் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் கொதிச்சு வருமே, அது. அதை வச்சுக்கறேன்.

இதை எழுதிகிட்டிருக்கும்போதே வீட்டுப் போன் அடிக்குது, அது இலாகா போன், மொதல்லேர்ந்தே திண்டிவனத்துலேர்ந்து நேர் லைன். ஆபீசராத்தான் இருக்கும், நகலைக் கிழிக்கச் சொல்வாரு. மத்தியானத்துல அவ கொஞ்சம் தூங்கட்டும்னு இந்தப் போனுக்கு நானே ஒரு சுவிட்ச் போட்டு வச்சேன். அணைச்சுட்டேன்.