ஏறி இறங்கும் பலகையும் என் வீட்டுக்காரரும்

பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போன மறுவருஷம் என் வீட்டுக்காரருக்கு ஒரு சோதனை வந்தது. அவர் சர்க்கார் ஆபீஸ் வாசலில் காவல் நின்ற சிப்பாய். உடம்பில் தெம்பு இருக்கிறவனுக்குத்தான் இனி வேலை, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று புது அதிகாரி சொல்லிவிட்டார். என் மனுஷருக்கோ ஆள் வருவதற்கு முன்னால் தொப்பை வரும். வேலை போனால் வீட்டில் இத்தனை வாய்க்கும் நான் என்னத்தைப் போடுவேன்?

அன்றிலிருந்து காலையில் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் நடை. "கோரிமேட்டு எல்லை வரைக்கும் போய்ட்டுதான் வரணும். பாதியில திரும்புனா சோறு கெடையாது" என்றேன். முதல் நாள் முணுமுணுத்துக்கொண்டே போனார். அப்புறம் நான் சொல்லாமலே கிளம்பினார். மழையிலும் போனார். வெற்றிலையை மென்றபடி சந்தோஷமாகத் திரும்பி வந்தார். மனுஷருக்குப் பொறுப்பு வந்துவிட்டதே என்று நான் பூரித்துப் போனேன்.

சோதனை நாளன்று நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை போட்டிருந்தார்கள். டாக்டர் முதலில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"ஏம்பா, இன்னும் ஏறவே இல்ல, அதுக்குள்ள இப்படி அடிச்சுக்குதே?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். நின்றேன். காதை மட்டும் உள்ளே வைத்துவிட்டு நின்றேன்.

"ஐயா, எங்க ஊரு வைத்தியரு நாடியத் தொட்டாலே நேத்து குடிச்சதச் சொல்லிடுவாரு. ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், நானே சொல்லிடறேன். தெருக் கடையில சாராயம் குடிச்சா அவளுக்குச் சேதி போயிடும். அதனால தெனம் கோரிமேட்டுக்கு நடந்து போயிக் குடிக்கறேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."

படுபாவி! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு, இந்தப் பக்கம் வரிசையாகச் சாராயக்கடை. அங்கே தினமும் ஆளை அனுப்பி வைத்தவளே நான்தான். உள்ளே பாய்ந்து நாலு வாங்கு வாங்கியிருப்பேன். ஆனால் அந்தப் பலகையில் ஏறப்போவது எங்கள் வீட்டுச் சோறு. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நாடியில அதெல்லாம் தெரியாதுப்பா" என்று டாக்டர் சிரித்தார். "இப்ப ஏறு. மூச்சு முட்ட ஏற வேணாம், பேச முடியற அளவுக்கு ஒரே சீரா ஏறி எறங்கு. ஒக்காந்தப்புறம் நாடி எவ்ளோ சுருக்கா அடங்குதுன்னு பாக்கணும். அதுலதான் தெம்பு தெரியும்."

பலகை தொம் தொம்மென்று அதிர்ந்தது. நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. உட்கார வைத்தார் போலிருக்கிறது.

"அட, நல்லா அடங்கிடுச்சே! வேலைக்கு நீ தாராளமா ஆவ" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னை உள்ளே கூப்பிட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"தெம்பான மனுஷன்மா" என்றார் டாக்டர், இன்னொரு முறை நாடியைப் பிடித்தபடி. "சாயங்கால நடைய மட்டும் விடக் கூடாது."

"விட மாட்டாருங்க ஐயா. நாளையிலேர்ந்து நானும் கூடவே நடக்கறேன்."

டாக்டர் குனிந்து அவர் மணிக்கட்டையே பார்த்தார்.

"நல்ல வேளை" என்றார், "முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டேன்."